விண்டோஸ் 10 முடிந்த பிறகு: ஒரு டிடிபி கடையின் நான்கு சிஸ்டங்கள்

நான்கில் மூன்று விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்குப் போய்விட்டன. ஒன்று விண்டோஸ் 11-ல் நிற்கிறது. இயங்குதளம் ஏற்ற ஒரு சிஸ்டத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனது. மீதிப் பதினோரு வேலைநாளைத் தின்றவை எழுத்துருவும் பிரிண்டரும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும். இந்தப் பதிவும் அந்தக் கணக்கில்தான் போகும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றது. மறுநாளும் சிஸ்டம் ஓடும், பத்திரம் டைப் ஆகும், பிரிண்ட் வரும். ஆனால் வாடிக்கையாளரின் பென்டிரைவ் நாளைக்கு இருபது முறை செருகப்படும் கடையில் அப்டேட் இல்லாத விண்டோஸை இணையத்தோடு விட்டுவைக்க முடியாது. கூடுதல் ஓராண்டுப் பாதுகாப்பு, 2026 அக்டோபர் 13 வரை, வீட்டுக் கணினிகளுக்குச் சுலபமாகவே கிடைக்கிறது. தொழில் நிறுவனத்துக்கு விலை வேறு: முதலாண்டு ஒரு கணினிக்கு 61 டாலர், அதன்பின் ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பு. அந்தக் காசில் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான டிஸ்க்) வாங்கி மிச்சமும் வைக்கலாம். அதனால் அந்த வழியை முதல் நாளே விட்டுவிட்டோம்.

இருந்த சாமான்கள் இவை. 1-ஆம் சிஸ்டம்: ஐ5-8400, எச்310 போர்டு, 8 ஜிபி ராம். 2, 3: ஐ3-4130, எச்81 போர்டு, 4 ஜிபி டிடிஆர்3. 4-ஆவது: ஐ3-6100, எச்110 போர்டு, 8 ஜிபி. நான்கிலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். பிரிண்டர்கள் எச்பி லேசர்ஜெட் 1020, கேனான் எல்பிபி2900பி. ஒரு கேனான் லைட் 110 ஸ்கேனர். விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை), இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர். ஆக 1-ஆம் சிஸ்டம் மட்டுமே தகுதி.

முதல் தவறு: ஐ3-4130-ல் விண்டோஸ் 11

ரூஃபஸ் மென்பொருள் கொண்டு டிபிஎம், பிராசஸர் சோதனைகளை நீக்கிய பென்டிரைவ் தயாரித்து 2-ஆம் சிஸ்டத்தில் ஏற்றினோம். ஏறியது, ஓடியது. ஆனாலும் இரண்டு நாளில் கைவிட்டோம். 4 ஜிபி ராமில் பிரவுசர் திறந்தாலே டிஸ்க் விளக்கு அணைவதில்லை. அது ராம் போட்டால் தீரும். தீராதது இன்னொன்று: தகுதியில்லாத கணினிக்கு ஆண்டு தோறும் வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் பென்டிரைவோடு உட்கார்ந்து இதே வேலையைச் செய்ய வேண்டும். வீட்டில் ஒரு கணினி என்றால் செய்யலாம். கடைக்கு ஒத்துவராது.

இரண்டாம் தவறு: எம்பிஆர்

1-ஆம் சிஸ்டம் தகுதியானது என்றாலும் சோதனைக் கருவி முதலில் இல்லை என்றது. எச்310 போர்டில் இன்டெல் பிடிடி அணைந்த நிலையில் இருந்தது. பயாஸுக்குள் போய் அதை இயக்கியதும் டிபிஎம் 2.0 தெரிந்தது. அடுத்த முட்டுக்கட்டை டிஸ்க். பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கிலிருந்து யூஇஎஃப்ஐ வழியில் விண்டோஸ் எழும்பாது. விண்டோஸ் 10-ல் இருக்கும் எம்பிஆர்-2-ஜிபிடி கருவி டேட்டா அழியாமல் மாற்றித் தரும். அதை மாற்றும் கட்டளையாக ஓட்டாமல், சரிபார்க்கும் கட்டளையாக முதலில் ஓட்டியது நல்லதாயிற்று. டிஸ்க் அமைப்பு பொருந்தவில்லை என்று ஒரே வரியில் மறுத்தது. காரணம், கணினி விற்கும் கடைக்காரர்கள் வழக்கமாகப் பிரித்துத் தரும் சி, டி, ஈ. இதில் டியும் ஈயும் எக்ஸ்டெண்டட் பார்டிஷனுக்குள் லாஜிக்கல் டிரைவாக உட்கார்ந்திருந்தன. அந்த அமைப்பை இந்தக் கருவி தொடாது.

பார்டிஷன்களை நகர்த்தி மல்லுக்கட்டாமல் புது 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, பயாஸில் பழைய பூட் முறைக்கான சிஎஸ்எம்-ஐ அணைத்து, விண்டோஸ் 11-ஐப் புதிதாக ஏற்றினோம். போர்டு மாறாததால் பழைய டிஜிட்டல் லைசென்ஸே செல்லுபடியானது. ஏற்றி முடித்த கையோடு, டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்து ரெக்கவரி கீயைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் என்கிரிப்ஷன் தானே தொடங்கிவிடும். பின்னாளில் யாராவது பயாஸில் கைவைத்தால் அந்த 48 இலக்க எண் இல்லாமல் உள்ளே போக முடியாது.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், கைரேகைக் கருவி, டேலி மூன்றையும் இந்த ஒரு சிஸ்டத்துக்கே மாற்றினோம். இவற்றை லினக்ஸில் இழுத்துவைக்க முயன்று நேரத்தைக் கரைக்க வேண்டாம் என்பது தொடக்கத்திலேயே எடுத்த முடிவு. அதில் வருத்தமில்லை.

லினக்ஸ் ஏற்றும் முன்

எடுத்துக்கொண்டது லினக்ஸ் மின்ட் 22.2. இந்த 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை அப்டேட் உண்டு. 2, 3-ஆம் சிஸ்டங்களுக்கு எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு, 4-ஆவதற்குச் சின்னமன். ஐஎஸ்ஓ கோப்பு 3 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. பென்டிரைவிலிருந்து நேரடியாக இயக்கி, எதையும் ஏற்றாமலே அரை மணி நேரம் சோதித்தோம். ஸ்கேனர் எந்த டிரைவரும் கேட்காமல் உடனே வேலை செய்தது. விண்டோஸில்கூட இவ்வளவு சாதுவாக இருந்ததில்லை.

3-ஆம் சிஸ்டத்தில் மட்டும் எந்த இணையதளமும் திறக்கவில்லை, சான்றிதழ் சரியில்லை என்றே வந்தது. நெட்வொர்க்கைக் குடைந்தது வீண். கடிகாரம் பல ஆண்டு பின்னால் நின்றது. மதர்போர்டிலிருந்த சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது. நாற்பது ரூபாயில் தீர்ந்தது. அதே வயதுள்ள 2-ஆம் சிஸ்டத்துக்கும் சேர்த்தே மாற்றினோம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, புது எஸ்எஸ்டி மட்டும் இருக்கும்போது ஏற்றுங்கள். இரண்டும் இருந்தால் இயங்குதளத்தை எழுப்பும் பூட் லோடர் எதில் போய் உட்காரும் என்று சொல்ல முடியாது. தவிர, பழையதைக் கழற்றிவிட்டால் கை தவறி ‘டிஸ்க் முழுவதையும் அழி’ என்பதை வேறு டிஸ்க்குக்குக் கொடுக்கும் அபாயம் இல்லை. கழற்றிய டிஸ்க்குகளைத் தேதி எழுதி ஒட்டி அப்படியே அலமாரியில் வைத்தோம். மூன்று மாதத்துக்கு அவற்றை யாரும் அழிக்கக் கூடாது என்று பேச்சு.

4-ஆவது சிஸ்டத்தில் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டியபோது டி டிரைவ் திறந்தது, ஆனால் எதையும் சேமிக்க விடவில்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் செய்த வேலை இது. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. பாதித் தூக்கத்தில் இருக்கும் என்டிஎஃப்எஸ் டிரைவை லினக்ஸ் படிக்க மட்டும் திறக்கும். டிஸ்க்கை மறுபடி விண்டோஸில் எழுப்பி, பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நீக்கி, முழுதாக மூடிய பிறகு சரியானது. கழற்றும் முன்பே செய்திருக்க வேண்டியது.

எழுத்துருக்கள்

சி டிரைவின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுத்துவைத்தோம். ஏற்றிப் பார்த்தால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு இருக்கிறது, திருமணப் பத்திரிகைக்கு வைத்திருந்த அலங்கார எழுத்துருக்களில் பாதி இல்லை. விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பு முதல், எழுத்துருக் கோப்பைத் திறந்து சாதாரணமாக இன்ஸ்டால் கொடுத்தால் அது பொது ஃபோல்டருக்குப் போகாது. அந்தப் பயனரின் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற மறைந்த பாதைக்குப் போகும். இரண்டையும் எடுக்க வேண்டும். அலமாரி டிஸ்க் முதல்முறையாகக் கைகொடுத்த இடம் இதுதான்.

பாமினி போன்ற பழைய எழுத்துரு லினக்ஸில் வேலை செய்யுமா என்றுதான் ஆபரேட்டர்கள் எல்லாரும் பயந்தார்கள். செய்யும். அதற்கு எந்தத் தமிழ் விசைப்பலகை மென்பொருளும் வேண்டாம். கணினியைப் பொறுத்தவரை அது வெறும் ஆங்கில எழுத்து. ‘தமிழ்’ என்பது உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. வேர்டுக்குப் பதிலான லிப்ரேஆஃபிஸில் எழுத்துருவைப் பாமினியாக்கி, ஆங்கில விசைப்பலகையிலேயே பழைய கைவாக்கில் அடிக்கலாம்.

அடித்தார்கள். ‘கடை’ என்று தொடங்கிய வாடகை ஒப்பந்தம் ‘குடை’ என்று தொடங்கியது. ‘தமிழ்’ ‘துமிழ்’ ஆனது. எழுத்துரு கெட்டுவிட்டது என்று அரை நாள் வேறு வேறு பாமினி கோப்புகளைப் போட்டுப் பார்த்தோம். குற்றவாளி ஆட்டோகரெக்ட். வாக்கியத்தின் முதல் எழுத்தை அது பெரிய எழுத்தாக்குகிறது. பாமினியில் சிறிய எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் திறந்து நான்கு இடங்களில் டிக்கை எடுக்க வேண்டும்: வாக்கியத்தின் முதல் எழுத்து, இரட்டைப் பெரிய எழுத்துத் திருத்தம், மாற்றுப் பட்டியல், மேற்கோள் குறியை வளைப்பது. கூடவே வேர்டு கம்ப்ளீஷனையும் அணைத்து, எழுத்தின் மொழியை ‘இல்லை’ என்று வைத்தால் சிவப்புக் கோடுகளும் போய்விடும். பழைய வேர்டில் இதையெல்லாம் யாரோ என்றோ அணைத்து வைத்திருந்ததால் யாருக்கும் நினைவில்லை.

யூனிகோடு தமிழ் (எல்லாக் கணினியிலும் ஒரே குறியீட்டில் நிற்பது) அடிக்க ஐபஸ்-எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பு. அதில் தமிழ்99, டைப்ரைட்டர், ஒலிபெயர்ப்பு எல்லாம் உண்டு. ஏற்றியதும் லாக்-அவுட் செய்து திரும்ப நுழையாவிட்டால் பட்டியலில் தமிழே வராது. வரவில்லை என்று மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம். விண்டோஸில் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் விசைப்பலகை மென்பொருளில் ஆல்ட்டோடு ஓர் எண்ணை அழுத்தி மாற்றிப் பழகிய கைக்கு, இங்கே விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் என்பது ஒரு வாரம் இடித்தது. குறுக்குவழியை ஐபஸ் அமைப்பிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்பதைப் பிறகுதான் கவனித்தோம்.

லிப்ரேஆஃபிஸில் இன்னொரு குழப்பம்: யூனிகோடு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் எழுத்துருவை அது தனித்தனியாக வைத்துக்கொள்ளும். ஸ்டைலில் 12 என்று அளவு வைத்தால் ஆங்கிலம் மாறும், தமிழ் மாறாது. மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை இயக்கி, தமிழுக்கான அளவைத் தனியே வைக்க வேண்டும். பாமினியோ ஆங்கிலக் கணக்கில் சேரும். ஒரே தாளில் இரண்டும் கலந்திருந்தால் தலை சுற்றும், பழகிவிடும்.

லதா, நிர்மலா யூஐ இரண்டும் மைக்ரோசாஃப்டுடையவை, மின்ட்டில் இல்லை. அவற்றில் அடித்த பழைய படிவங்களைத் திறந்தால் வேறு தமிழ் எழுத்துரு வந்து வரி நீண்டு, ஒரு பக்கப் படிவம் இரண்டாம் பக்கத்துக்கு வழிகிறது. கேலிப்ரிக்குக் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா என்று அதே அகலத்தில் மாற்று உண்டு. தமிழுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதிகம் புழங்கும் படிவங்களை, கணக்கெடுத்தால் நாற்பதுக்குள்தான், டிஏயூ-மருதத்தில் திரும்ப அமைத்தோம். ஒன்றரை நாள் வேலை.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியவற்றில் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிழை வரும். ‘ரி’ அடிக்கப் பழைய கைகள் துணைக்காலும் இகர மேல்விலங்கும் சேர்த்து அடித்திருப்பார்கள், பார்வைக்கு ஒன்றுதான். ‘ர்’ என்பதற்குக் காலின் மேல் புள்ளி. மாற்றியபின் அவை காலாகவே நிற்கும். அச்சில் கண்ணுக்குத் தெரியாது, தேடினால் சிக்காது. துணைக்காலும் புள்ளியும் அடுத்தடுத்து வரும் இடமெல்லாம் ‘ர்’, துணைக்காலும் இகர மேல்விலங்கும் வந்தால் ‘ரி’, ஈகாரமென்றால் ‘ரீ’. முறையான தமிழில் இந்தச் சேர்க்கைகள் வரவே வராது, ஆகவே பார்க்காமலே மொத்தமாக மாற்றலாம். ‘ஔ’ வரிசையில் மட்டும் கண்ணால் பார்க்க வேண்டும். ‘கெளரவம்’ என்று ளகரம் போட்டு அடித்திருப்பார்கள். அதை மொத்தமாக மாற்றப் போனால் ‘வெளியே’ ‘வௌியே’ ஆகிவிடும்.

பேஜ்மேக்கர்

பேஜ்மேக்கர் 7-க்கு யூனிகோடே தெரியாது. ஆனால் இருபது ஆண்டுப் பத்திரிகை மாதிரிகள் அதில்தான் கிடக்கின்றன. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாகத் திறந்தது. பிரிண்ட் கொடுத்தால் பக்கம் இடம் பெயர்ந்தது. அரை நாளில் விட்டோம்.

நிலைத்தது, லினக்ஸுக்குள்ளேயே இன்னொரு கணினியைப் போல விண்டோஸை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ். 4-ஆவது சிஸ்டத்தில், கடையில் பெட்டியோடு இருந்த விண்டோஸ் 7, 32-பிட். 2 ஜிபி ராம், 25 ஜிபி டிஸ்க், நெட்வொர்க் அடாப்டர் முழுதாக அணைப்பு. பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருந்தால் தொடக்கத்திலேயே முரண்டு பிடிக்கும், அதை முதலில் பாருங்கள். 4 ஜிபி ராமில் இதை முயல வேண்டாம்.

உள்ளே பிரிண்டர் எதுவும் இல்லாவிட்டால் பேஜ்மேக்கர் சிணுங்கும். விண்டோஸ் 7-லேயே ஜெனரிக் என்ற தலைப்பின் கீழ் உள்ள எம்எஸ் பப்ளிஷர் இமேஜ்செட்டரைக் கோப்பு போர்ட்டில் நிறுவினோம். அது அச்சுக்கான போஸ்ட்ஸ்கிரிப்ட் கோப்பு தரும்; ஷேர்டு ஃபோல்டரில் விழுந்ததும் வெளியே மின்ட்டில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அதைப் பிடிஎஃப் ஆக்கும். முதல் பிடிஎஃபில் தமிழ் போய் ஆங்கில எழுத்துகள் வரிசையாக நின்றன. பிரிண்டரின் அட்வான்ஸ்டு அமைப்பில் ட்ரூடைப் எழுத்துருவை சாஃப்ட்ஃபான்ட்டாக அனுப்பு என்று வைத்ததும் தமிழ் வந்தது. எழுத்துருவை அனுப்பாமல் பிரிண்டரிலேயே இருக்கும் எழுத்துருவை நம்பியதுதான் கோளாறு.

பிரிண்டர்கள்

எச்பி 1020-க்குள் ஃபர்ம்வேர் (பிரிண்டரை இயக்கும் உள் மென்பொருள்) தங்காது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கணினி அதை அனுப்ப வேண்டும். மின்ட்டில் எச்பி டிரைவர் தொகுப்பான எச்பிலிப் இருந்தாலும் அந்தக் கோப்பு இருக்காது. எச்பி-பிளகின் கட்டளையை ஓட்டி இறக்க வேண்டும். அப்டேட்டில் எச்பிலிப்பின் பதிப்பு மாறினால் பிளகினும் அதே பதிப்புக்கு மாற வேண்டும். ஒரு காலை பிரிண்டர் மௌனமானால் முதலில் அதைப் பாருங்கள். தாளின் அளவு லெட்டர் என்று நின்றால் ஏ4 தாளில் அடி வரி வெட்டுப்படும். ஏற்றும்போதே பகுதியை இந்தியா எனக் கொடுத்தால் இது வராது. நாங்கள் ஒரு சிஸ்டத்தில் அமெரிக்க ஆங்கிலத்தை அப்படியே விட்டு, ஒரு கட்டுத் தாள் வீணாக்கினோம்.

கேனான் 2900பி கேப்ட் என்ற தனி மொழி பேசும். லினக்ஸில் அதைப் பேசவைக்க ஆர்வலர்கள் எழுதிய டிரைவர் உண்டு. எங்களிடம் மூன்று பக்கத்துக்கு மேல் போகும் வேலையில் திக்கியது. 1-ஆம் சிஸ்டத்தில் மாட்டி ஷேர் செய்தால் போதும் என்று நினைத்தது அடுத்த தவறு. ஷேர் செய்தாலும் அனுப்பும் கணினியில் அந்தப் பிரிண்டரின் டிரைவர் வேண்டும். கடைசியில் பிரிண்டரை ஷேர் செய்யாமல் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்தோம். லினக்ஸிலிருந்து பிடிஎஃபை அதில் போட்டால் 1-ஆம் சிஸ்டத்தில் இருப்பவர் பிரிண்ட் கொடுப்பார். பழைய நாளின் பாஸ்வேர்டு இல்லா ஷேரிங் விண்டோஸ் 11 புரோவில் நடக்காது, கெஸ்டாக உள்ளே விடாது. ‘கடை’ என்று ஒரு பயனர், அதற்கொரு பாஸ்வேர்டு வைத்தால் மின்ட்டிலிருந்து ஃபோல்டர் திறக்கும்.

செலவு

240 ஜிபி எஸ்எஸ்டி நான்கு, 1,550 வீதம் 6,200 ரூபாய். பழைய 4 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, 1,000. சிஆர்2032 இரண்டு, 80. சாட்டா கேபிள் இரண்டு, 160. டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் கேபிள் 380. 32 ஜிபி பென்டிரைவ் இரண்டு, 700. மொத்தம் 8,520. இதில் சேராதது வீணான தாளும், ஆபரேட்டர்கள் மெதுவாக அடித்த நாட்களும்.

மறுபடி செய்வதானால் வரிசையைத் திருப்பிப் போடுவோம். விண்டோஸ் 10 இருக்கும்போதே லிப்ரேஆஃபிஸை அதில் ஏற்றி, ஆபரேட்டர்களை ஒரு மாதம் அதிலேயே அடிக்க விட்டு, படிவங்களைச் சரிசெய்து, அதன் பிறகு இயங்குதளத்தை மாற்றினால் ‘குடை’ விவகாரமெல்லாம் வாடிக்கையாளர் எதிரில் நடந்திருக்காது. எல்லா சிஸ்டத்தையும் ஒரே வாரத்தில் தொட்டதும் தவறு; ஒன்றை முடித்து இரண்டு வாரம் ஓட்டிவிட்டு அடுத்ததைத் தொட்டிருக்கலாம். ஒவ்வொன்றும் நிலைக்கு வந்ததும் சிஸ்டத்தின் அப்போதைய நிலையைச் சேமிக்கும் டைம்ஷிஃப்டில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தது மட்டும் முதலிலிருந்தே சரியாகச் செய்தது. எச்பிலிப் ஒருமுறை குழம்பியபோது பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்ப முடிந்தது.

கேனான் கார்ட்ரிட்ஜ் இன்னும் இரண்டு ரீஃபில் தாங்கும். அது தீர்ந்ததும் டிரைவரே கேட்காத, ஐபிபி என்ற பொது அச்சு நெறிமுறை வழியில் நெட்வொர்க்கிலேயே பேசும் லேசர் ஒன்று வாங்குவதாக இருக்கிறோம். அதுவரை ஷேர்டு ஃபோல்டர்தான்.